கண்ணாடி அக்கா மெத்தையைத் திருப்பிய கதை

அச்சகத்தில் அவளுக்குக் கண்ணாடி அக்கா என்று பெயர். பதினோரு வருஷமாகப் பிழை திருத்துகிறாள். ரசீதோ அழைப்பிதழோ, எதுவானாலும் கடைசி வரியில் ஆரம்பித்து மேல்நோக்கித்தான் படிப்பாள். நேராகப் படித்தால் அர்த்தம் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை தப்பிவிடும் என்பது அவள் கட்சி. அதனால் அவள் திருத்திய தாளில் என்ன இருந்தது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள்.

இப்படிப்பட்டவள் வீட்டுக்கு ஒரு மாலை மெத்தைக் கம்பெனி ஆட்கள் இருவர் வந்தார்கள். முதுகுவலிக்கு இலவசப் பரிசோதனையாம். அக்காவின் வீட்டுக்காரர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். முதுகுதான் அவருக்கு முதல் எதிரி. ஒருவன் அந்த முதுகில் செம்புக் கம்பியை ஓட்டி உச்சுக் கொட்டினான். இன்னொருவன் மேனேஜருக்குப் போன் போட்டு, "சார், இவங்க நம்ம அக்கா மாதிரி சார், இன்னைக்கு மட்டும் பாதி விலைக்குக் குடுங்க சார்" என்று கெஞ்சினான். இருவரும் மூன்று மணி நேரம் இடத்தை விட்டு நகரவில்லை. ஆள் கிளம்பினால் போதும் என்று அக்கா கையெழுத்துப் போட்டாள். காந்த மெத்தை உள்ளே வந்தது, பழைய மெத்தையை அவர்களே தூக்கிக்கொண்டு போனார்கள்.

தவணை மூன்று வருஷம். லாரியை விட்டுவிட்டு உள்ளூரில் சின்ன வண்டி ஓட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆறாம் நாள் காலை படுக்கை தட்டும்போது ஒரு குண்டூசி மெத்தைமேல் விழுந்து உருண்டு ஓடியது. காந்தம் என்றால் ஒட்ட வேண்டாமா? அக்கா அதை எடுத்து மெத்தையின் நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தாள்.

"என்ன பண்றே? மெத்தைக்கு ஊசி போடறியா?" என்றார் வீட்டுக்காரர்.

"காந்தத்தைத் தேடறேங்க. ஆள் தலைமறைவு."

காந்தத்தைப் பற்றி என்னதான் எழுதிக் கொடுத்தார்கள் என்று ஆர்டர் தாளை எடுத்தாள். கீழ் மூலையில் அவளுடைய அச்சகத்தின் பெயர். தூக்கிவாரிப்போட்டது. பின்பக்கத்துச் சாம்பல் நிறப் பொடி எழுத்து முழுக்க அவள் கை பட்டதுதான். முதல் தடவையாக மேலிருந்து படித்தாள்.

"வீட்டுக்கு வந்து விற்கப்பட்ட பொருளை ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். காரணம் கூறத் தேவையில்லை. பொருளை விற்றவரே தம் செலவில் எடுத்துச் செல்ல வேண்டும்."

மூன்று மணி நேரம் வறுத்தெடுத்தவர்களா இதைப் போட்டார்கள்? ஆசைப்பட்டுப் போட்டிருக்க மாட்டார்கள். சட்டம் போடச் சொல்லியிருக்கும். இதைப் பார்க்காமல் எத்தனை பேர் தவணை கட்டுகிறார்களோ! அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. நாளைக் கணக்குப் பார்த்தாள். நாளையோடு கெடு முடிகிறது.

ராத்திரி குண்டூசிக் கதையெல்லாம் சேர்த்து இரண்டு பக்கம் எழுதினாள். தாளை மறுபடி பார்த்து, எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, ஆர்டரை ரத்து செய்கிறேன் என்று ஒரே வரி எழுதினாள்.

மறுநாள் மத்தியானம் கம்பெனி அலுவலகத்துக்குப் போய்க் கடிதத்தையும் ஆர்டர் தாளையும் நீட்டினாள். உட்கார்ந்திருந்தது, அன்று மேனேஜருக்குப் போன் போட்ட அதே ஆள்தான்.

"மேனேஜர் இல்லக்கா. நாளைக்கு வாங்களேன்."

"நாளைக்கு எட்டாவது நாள், தம்பி. கடிதம் வந்துதுன்னு முத்திரை போட்டுக் குடுங்க. அதுவரைக்கும் இருக்கேன். எங்க வீட்டுல நீங்க மூணு மணி நேரம் இருக்கலையா?"

"என்னக்கா காரணம்? அதையாவது சொல்லுங்க."

குண்டூசி நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அதற்கொரு பதில் வைத்திருப்பான், அப்புறம் இன்னொரு மூன்று மணி நேரம். விழுங்கிக்கொண்டாள்.

"காரணம் வேண்டாம்னு தாளோட பின்பக்கத்துலயே போட்டிருக்கே."

அவன் ஆர்டர் தாளைத் திருப்பிப் பார்த்தான். மெதுவாகத் தேதி முத்திரையை எடுத்துக் கடிதத்தில் குத்தினான்.

"மெத்தையை எடுக்க வரும்போது எங்க பழசையும் கொண்டு வந்துடுங்க" என்று அக்கா எழுந்தாள்.

"இதை யாருமே படிச்சதில்லக்கா," என்றான் அவன், இப்போது விற்கிறவன் குரலில் அல்ல. "நீங்க எப்படிப் படிச்சீங்க?"

"பதினோரு வருஷமா அதைத் திருத்தறது நான்தான், தம்பி. படிச்சது நேத்துதான்."