தீத்தொட்டியில் ஆம்பல்

கருப்பம்மாள் என்கிற பேர் வேலுத்தாய் காதில் முதன்முதலாக விழுந்தது, மகள் வேல்விழியின் கல்யாணத்துக்குத் தோடு வாங்கிவந்த அன்றைக்கு. மாப்பிள்ளை அசலில்லை, வேலுத்தாயின் கூடப்பிறந்த தம்பி முனியசாமிதான். மகள் தொட்டிலில் கிடக்கும்போதே பேசி வைத்தது. அவன் வந்தான். தோட்டைப் பார்த்தான்.

"அக்கா, நான் வத்திராயிருப்புப் பிள்ளையக் கட்டிக்கிடப் போறேன். கருப்பம்மான்னு பேரு."

வேலுத்தாய் கையிலிருந்த செம்பை விட்டெறிந்தாள். அது சுவரில் பட்டு ஒடுங்கியது. வேல்விழியைப் பிறகு சாத்தூரில் நல்ல இடத்தில்தான் கட்டிக் கொடுத்தாள். ஆனாலும் ஒடுங்கின செம்பை மாற்றவில்லை. கருப்பம்மாளின் பாட்டியும் உன் மாமியாரும் ஒரே ஊர்தானே என்று யாராவது சமாதானம் சொன்னால், "ஊர் ஒண்ணுன்னா உறவாயிருமா?" என்பாள்.

முனியசாமியைக் கட்டிக்கொண்டு வந்த கருப்பம்மாள் வேலைக்குச் சேர்ந்ததும் விஸ்வநத்தத்தில் வேலுத்தாய் இருந்த பட்டாசுக் கம்பெனிக்கே. அடுத்தடுத்த ரூம். ஒவ்வொரு ரூம் வாசலிலும், தீப்பிடித்தால் அள்ளி ஊற்ற ஒரு சிமிண்டுத் தொட்டி உண்டு. ஆபீசர் வருகிற அன்றைக்கு மட்டும் அது நிறைந்திருக்கும். மற்ற நாளில் அடியில் கொஞ்சம் பாசித்தண்ணி, அதையும் வெயில் குடித்துவிடும்.

கருப்பம்மாள் பிறந்த ஊர்க் கண்மாயிலிருந்து ஆம்பல் கிழங்கு கொண்டுவந்து தன் ரூம் தொட்டியில் வைத்தாள். ஒரு பழைய சட்டியில் கரம்பை மண்ணை அமுக்கி, முளை மட்டும் வெளியே தெரியப் புதைத்து, தண்ணி கலங்காமலிருக்க மேலே மணல் பரப்பி, உள்ளே இறக்கினாள். காலையில் வேலை தொடங்குமுன் குடம் குடமாய்ச் சுமந்து விளிம்பு வரைக்கும் நிரப்புவாள். பழுத்த இலையைக் காம்போடு கிள்ளுவாள். கொசு அண்டாமலிருக்க மீன்குஞ்சு விட்டிருந்தாள். ராத்திரி விரிகிற வெள்ளை ஆம்பல் இல்லை, இது நீலம். வெயில் ஏறப் பூ விரியும், வேலை விடும் நேரத்துக்கு மூடிக்கொள்ளும்.

"பூவுங்கூட இவள மாதிரியே. ஆளப் பாத்தாச் சிரிக்கும், அப்புறம் மூஞ்சிய மூடிக்கிரும்" என்பாள் வேலுத்தாய், காதில் விழும்படி.

"பூவுக்குக் கண்ணு கிடையாது மதினி. உங்க கண்ணு பட்டுத்தான் மூடுது."

ஒரு லீவு முடிந்து எல்லாருக்கும் முந்தி வந்த வேலுத்தாய், இலை, பூ, மொட்டு ஒன்று விடாமல் உருவி வெயிலில் எறிந்தாள். கருப்பம்மாள் வெறுந்தொட்டிக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நாளில் சுருண்ட குருத்து ஒன்று மேலே வந்து விரிந்தது.

"கண்மாய் வத்தி வெடிச்சாலும் இந்தக் கிழங்கு சாகாது மதினி. நீங்க எம்புட்டுப் பிடுங்கினாலும் வரும்."

அந்தப் பேச்சு வேலுத்தாய்க்குப் பொறுக்கவில்லை. நேரே போர்மேன் ஜெயச்சந்திரனிடம் போனாள்.

"தீத்தொட்டியில செடி வைக்கலாமாய்யா? வாளிய முக்கினா இலைதான வரும்? அவள வெளிய அனுப்புங்க."

அவர் கருப்பம்மாளைக் கூப்பிட்டார். "தீவாளி சீசன் முடியவும் செடியும் இங்கன இருக்கக்கூடாது, நீயும் இருக்கக்கூடாது."

"அதென்ன, சீசன் முடியவும்?"

"அதுவரைக்கும் ஆள் வேணும்ல."

சீசன் உச்சத்தில், மேடையில் காயப்போட்டிருந்த திரி வெயிலுக்குப் பற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்ற வேலுத்தாயின் சேலைக் கொசுவத்தில் தீ. அலறிக்கொண்டு தன் ரூம் தொட்டிக்கு ஓடி வாளியை விட்டாள். வாளி சிமிண்டில் டணார் என்று மோதியது. உள்ளே காகிதக் குப்பையும் ஒரு ஓணானும்தான். கருப்பம்மாள் வந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துப்போய் ஆம்பல் தொட்டிக்குள் தள்ளினாள். சட்டி உடைந்தது. கரம்பைச் சேற்றில் உட்கார்ந்திருந்த வேலுத்தாயின் தலைமேல் ஒரு இலை.

ஆஸ்பத்திரியில் காலில் கட்டோடு கிடந்தவளைப் பார்க்கப் புருசன் பெண்டாட்டி ரெண்டு பேரும் வந்தார்கள்.

"அக்கா, இவ இல்லேன்னா நீ இல்ல" என்றான் முனியசாமி.

"பூவுக்கு வச்ச தண்ணி. எனக்கா வச்சா?"

"ஆமா மதினி. உங்களுக்குன்னா வச்சிருக்க மாட்டேன்" என்றாள் கருப்பம்மாள்.

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். இவர்கள் சிரிக்கவில்லை.

சீசன் முடிந்தது. கால் ஆறி வேலைக்கு வந்த வேலுத்தாயிடம் ஜெயச்சந்திரன் கேட்டார். "உன் புகார்லதான் அவள நிப்பாட்டுறேன். வேணாம்னு நீ ஒரு வார்த்தை சொன்னா இருந்துட்டுப் போகட்டும்."

அந்த ஒரு வார்த்தை வேலுத்தாயின் தொண்டை வரைக்கும் வந்தது. ஒடுங்கின செம்பும் கூடவே நினைப்புக்கு வந்தது.

"சொன்னது சொன்னதுதான்யா" என்றாள்.

கருப்பம்மாள் சேற்றைத் துழாவி, மிதிபடாத கிழங்குத் துண்டு ஒன்றை எடுத்து ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டாள். போகிறபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை, வேலுத்தாயும் தலையைத் தூக்கவில்லை. அந்தத் தொட்டி மறுவாரமே வத்திவிட்டது.

கருப்பம்மாள் இப்போது அச்சங்குளத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலையில் இருக்கிறாள்.