வாலைப் பிடிக்கும் புரதம்

பதினொரு வருடமாக அந்த ஆய்வகத்தில் அவளுக்கு 'வாஷிங் மெஷின்' என்றுதான் பெயர். வைத்தவர் பேராசிரியர், சிரித்தவர்கள் மற்ற எல்லோரும்.

உள்ளங்கை அகலத் தாளில் நானூறு புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி, ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. அதன்மேல் புரதத்தை ஊற்றி, ஊறவிட்டு, அவள் கழுவ வேண்டும். புரதத்தின் ஒரு பகுதி தனக்குத் தோதான சங்கிலியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தப் புள்ளி கறுக்கும். மூன்று வருடமாக ஒரு புள்ளிகூடக் கறுக்கவில்லை.

"நீ தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுறம்மா. பிடிச்சதும் போயிடுது," என்பார் பேராசிரியர். பழி போட ஆள் கிடைத்துவிட்டால் படித்தவர்களுக்கும் யோசிக்கிற வேலை மிச்சம். அவளுடையதோ வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. ஒரு கட்டுரையிலாவது பெயர் வந்தால் நிரந்தரமாக்கலாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

ஒருநாள் தாள் வாங்கும் படிவத்தை அவள் படித்துப் பார்த்தாள். 'தாளில் ஒட்டும் முனை' என்ற இடத்தில் கம்பெனிக்காரர்களே சங்கிலியின் வால் பக்கத்துக்கு டிக் போட்டு அச்சடித்திருந்தார்கள். மாற்ற வேண்டும் என்று இங்கே யாருக்கும் தோன்றவில்லை.

"சார், இந்தப் புரதம் வால் நுனியைத்தானே பிடிக்கும்? அந்த வாலையே ஒட்டி மறைச்சு வச்சிருக்கோம். எதைப் பிடிக்கும் அது?"

அடுத்த தாள் சங்கிலியின் தலையை ஒட்டி, வாலை வெளியே விட்டு வந்தது. முப்பத்தொரு புள்ளிகள் கறுத்தன. கூட வேலை பார்த்த ஆராய்ச்சி மாணவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பேரு இல்லாம இந்தக் கட்டுரை போகாதுக்கா."

போனது. ஆறு பெயர்களோடு போனது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், ஆய்வக ஊழியர்களுக்கு நன்றி. தன் பெயர் ஏன் இல்லை என்று அவள் போய்க் கேட்டாள்.

"திருப்பி ஒட்டணும்னு நாங்களும் யோசிச்சுக்கிட்டுத்தாம்மா இருந்தோம்," என்றார் பேராசிரியர்.

"சும்மா விடாதக்கா, சண்டை போடு," என்றாள் வீட்டில் தங்கை.

"போட்டா அடுத்த வருஷம் ஒப்பந்தத்துல யாரு கையெழுத்துப் போடுவா?"

மாணவி வேறு வேலைக்குப் போய்விட்டாள். வாலைப் பிடிக்கும் இன்னொரு புரதத்துக்குப் புதுத் தாள் வாங்க, படிவம் அனுப்பிவைக்கச் சொல்லி அவள் மேசைக்கு வந்தது. வால் பக்கத்தில் அதே அச்சடித்த டிக். கீழே பேராசிரியர் படிக்காமல் போட்ட கையெழுத்து. இரண்டு முறை பார்த்தாள். உறையில் போட்டு அனுப்பினாள். 

வந்த தாளை எப்போதும்போலப் பதமாகத்தான் கழுவினாள். ஒன்றும் கறுக்கவில்லை.

"என்னம்மா, மறுபடியும் தேய்ச்சிட்டியா?"

"ஆமா சார்," என்றாள்.