உப்பு பார்க்காத குழம்பு

முகப்பேரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில், மனநல சிகிச்சையாளர் ஆக விரும்புகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கீழே மாத்திரை வாங்க வருகிறவர்கள் படிக்கட்டைப் பார்த்து, "மேல இன்னா, டியூஷனா?" என்று கேட்பார்கள். கடைக்காரர், "ஆமா, பெரியவங்களுக்கு" என்பார். நானும் திருத்தியதில்லை.

சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன், அடுப்புக்கு மூன்று கல் வேண்டும் என்று. ஒன்று, பாடம். இன்னொன்று, ஆவடியில் நாங்கள் நடத்தும் சின்ன கிளினிக்கில் ஆட்களை நேரில் பார்ப்பதும், பார்த்ததை வாராவாரம் குழுவில் வந்து சொல்வதும். மூன்றாவது, அவரவர் தங்கள் சொந்த மனதை வேறொரு சிகிச்சையாளர் முன்னால் கொண்டுபோய் வைப்பது. முதல் இரண்டுக்கும் தலையாட்டுவார்கள். மூன்றாவதைக் கேட்டதும், "எனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லையே மேடம்" என்று ஒருவராவது சொல்வார். பிரச்சனை இல்லாத மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் கடையை மூடிவிட்டு அவரிடமே போய்ச் சேர்ந்துவிடுவேன்.

அந்த வருடம் அப்படிச் சொன்னவர் என்னைவிட மூத்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இருந்து, இதற்காகவே வேலையை விட்டுவிட்டு வந்தவர். பாடத்தில் புலி. ஒருவர் மேல் இருந்த பாசத்தையோ கோபத்தையோ எதிரே உட்கார்ந்திருக்கும் சிகிச்சையாளர் மேல் ஏற்றிவிடுவதைப் பற்றி நான் வகுப்பில் ஆரம்பித்தால், மிச்சத்தை அவர் முடித்துவைப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனாலும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா என்று பார்க்கத்தானே கிளினிக் வைத்திருக்கிறோம்?

கிளினிக்கில் அவருக்கு வந்தது வெள்ளானூரிலிருந்து ஒரு அம்மா. அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம் இப்போது பிளாட்டாகிவிட்டது. அதில் கட்டிய வீட்டில் மகளோடு இருந்தார். மகன் பைபாஸில் பைக் மோதி இறந்துபோயிருந்தான். மகள்தான் கூட்டி வந்தாள். "எங்கம்மா இன்னும் அழுவவே இல்ல சார். துன்றதும் இல்ல. டீயும் பன்னும்தான். சும்மா செவுத்த பாத்துகினு ஒக்காந்துகினு கீது" என்றாள். இதை எழுதிக்கொள்ளட்டுமா என்று பிறகு அந்த அம்மாவிடம் கேட்டேன். "எழுதேன், எனுக்கு இன்னா" என்றார். இருந்தாலும் அக்கம்பக்கத்துக்கு அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மீனைக்கூட மாற்றிவிட்டேன்.

மீன் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் கிளினிக் அறைக்குள் நுழைந்தேன். கருவாட்டுக் குழம்பு வாசனை ஆளைத் தூக்கியது. அடுத்ததாக உள்ளே போக வேண்டிய ஐ.டி. இளைஞன் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். யார் சாப்பிட்டது என்று கேட்டேன். நம் பாடப் புலிதான். அந்த அம்மா வாராவாரம் டிபன் கேரியரில் சோறும் குழம்பும் கொண்டுவருகிறாராம். இவர் அவர் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறாராம். பேச வேண்டிய நேரத்தில் பாதி சாப்பாட்டிலேயே போய்விடுகிறது.

வேறு ஊரில் எழுதிய பாடப்புத்தகத்தில், அன்பளிப்பு வாங்காதே என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இங்கே ஒரு தாய் மூடியைத் திறந்துவைத்து, "துன்னு நைனா, ஆறிப் பூடப் போவுது" என்று சொன்னால் என்ன செய்வது? வேண்டாம் என்று சொன்னால் மறு வாரம் அவர் வரவே மாட்டார். சாப்பிட்டாலோ அந்த வீட்டுப் பிள்ளை. எங்கள் மாணவர்கள் செய்யும் தவறுகளில் பாதி பந்தியில் நடப்பவை.

அந்த வாரம் குழு கூடியபோது நம் பாடப் புலி கேரியரோடே வந்தார். அந்த அம்மா அன்றைக்கு நிறையவே கொடுத்து அனுப்பியிருந்தார். எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும் ஒரு வாய் சாப்பிட்டேன். பயிற்றுநர் இப்படிச் செய்யலாமா என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்டுக்கொள்ளட்டும். அந்த ஒரு வாய்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னது.

குழம்பு கடல் தண்ணீராகக் கரித்தது.

"எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"ஒரு வாரம் கரிக்கும் மேடம், ஒரு வாரம் உப்பே இருக்காது. வயசாயிடுச்சில்ல" என்றார். பிறகு ஆர்வமாக ஆரம்பித்தார். "ஆனா அந்தம்மா எவ்ளோ மாறிட்டாங்க தெரியுமா? சிரிக்கிறாங்க. பூ வெச்சுக்கிட்டு வராங்க. இதையே சர்டிபிகேட்டுக்கு என் கடைசி கேஸா எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன்."

"மகனைப் பத்திப் பேசறாங்களா?"

"அதெல்லாம் இப்ப பேசறதில்ல. அதத் தாண்டி வந்துட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே ஒரு மகனையே மறைத்துக்கொண்டிருந்தார்கள். "ஆயுசு முழுக்க ஆக்கிப் போட்ட கைக்கு உப்பு தவறுமா சார்? அவங்க வாயில வெச்சே பாக்கல. அந்தக் குழம்பு அவங்க நாக்குல இன்னும் படல" என்றேன். "பயிற்சி முடிஞ்சதும் நீங்க கிளம்பிடுவீங்க. அன்னிக்கு அவங்க இன்னொரு புள்ளயப் பறிகுடுப்பாங்க. அதுக்கு நான் உங்களுக்கு சர்டிபிகேட் குடுக்கணுமா?"

அவர் முகம் சிவந்தது. "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு வளர்ந்தவன் மேடம் நான். ஒரு தாய் போடற சோத்த எப்படித் தட்டறது?"

"உங்க அம்மாவைப் பத்தி உங்க தெரபில பேசியிருக்கீங்களா?"

"அவங்க போய் எவ்வளவோ வருஷம் ஆச்சு. அது முடிஞ்ச கதை. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவர் தன் சட்டியை மூடியே வைத்திருந்தார். அதை நான் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. எங்கள் குழுவில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு ஒரு கேஸில் வண்டி நின்றுவிட்டதோ அவர், தான் பார்க்கும் ஆளாகவே மாறி, அந்த ஆளின் நாற்காலியில், அந்த ஆளின் பேச்சில் பேச வேண்டும். படித்த தமிழில் நழுவ விடமாட்டோம். எதிர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். கேரியரை அவர் மடியில் வைத்தேன்.

முதலில் கொஞ்சம் நடித்தார். முந்தானையை இழுத்துச் செருகுவது போல் செய்தார், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு குரல் தானாக மாறியது.

"துன்னு நைனா. காலீல எய்ந்து ஆக்குனேன்."

"யாருக்கும்மா ஆக்குனீங்க?"

"உனுக்குத்தான்."

"எனக்கு முன்னாடி யாருக்கு ஆக்குனீங்க?"

மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அறையில் சிரிப்பு நின்றுபோனது. "எம்புள்ளைக்கு" என்றார்.

"அவர் எங்கம்மா?"

"அவன் பூட்டான்."

அதைச் சொன்னது அந்த அம்மாதான். அடுத்து அழுதது எங்கள் மாணவர். "எங்கம்மா போய் ஒரு வாரம் கழிச்சித்தான் மேடம் நான் வந்தேன். அப்ப வெளிநாட்டு வேலை. நான் வரேன்னு அவங்க மீன் வாங்கி வெக்கச் சொல்லியிருந்தாங்களாம். வந்து பாத்தா போட்டோவுக்கு மாலை போட்டிருந்துச்சு" என்றார். பக்கத்தில் இருந்த மாணவி அவர் தோளைத் தொடப் போனாள். வேண்டாம் என்று சைகை காட்டினேன். அழுகிறவரை உடனே சமாதானப்படுத்துவதும் நம் ஊர் வழக்கம்தான். எங்கள் வேலையில் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

அழுது முடித்தபின் அவரே சொன்னார்: "அவங்க எனக்குச் சோறு போடல. அவங்க புள்ளைக்குப் போடறாங்க. நானும் எங்கம்மா கையால சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்." வகுப்பில் இதையே எத்தனையோ தடவை எனக்கு விளக்கியவர். அன்றுதான் அது அவருக்குத் தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். வெளியே காட்டாமல், "உங்க தெரபிஸ்ட்கிட்ட இந்தக் கதையச் சொல்லிட்டு வாங்க. அப்புறம் அந்தம்மாவப் பாருங்க" என்றேன்.

சொல்லிவிட்டுத்தான் போனார். அடுத்த தடவை அந்த அம்மா கேரியரைத் திறந்தபோது அவர் மறுக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. அதை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, "இது யாருக்கும்மா ரொம்பப் புடிக்கும்?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா மகனுக்குக் கத்திரிக்காய் தனியாக, மாங்காய் தனியாகப் போட வேண்டும் என்பதில் தொடங்கி, பைபாஸ் வரைக்கும் வந்திருக்கிறார். வந்ததும் உடைந்துவிட்டார். வெளியே பெஞ்சில் இருந்த மகள், "அம்மா அழுவுது, அம்மா அழுவுது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். நல்ல செய்தி சொல்கிற முகம் அவளுக்கு.

அதன் பிறகு வந்த வாரங்களில் எங்கள் மாணவர் இன்னும் கஷ்டமானதைச் செய்தார். தான் எப்போது கிளினிக்கை விட்டுப் போகிறார், அதன் பின் அந்த அம்மா யாரைப் பார்க்கலாம் என்று முன்கூட்டியே சொன்னார். அந்த அம்மாவுக்குக் கோபம். ஒரு வாரம் வரவில்லை. அந்த ஒரு வாரம் எங்கள் மாணவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. "வருவாங்க" என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். இத்தனை வருடம் இதே வேலை செய்கிறேன், இதுகூடத் தெரியாதா என்றேன். மறு வாரம் வந்தார்.

கடைசி நாள் நான் கிளினிக்கில் இருந்தேன். அந்த அம்மா வெறும் கையோடு வந்தார். பேசி முடித்து வெளியே வரும்போது வாசலில் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"நேத்து ஆக்குனேன். நானே போட்டு துன்னேன். எப்பா, இன்னா உப்பு! வாயில வெக்க முட்ல. இத்தினி நாளு இத்தையா துன்னுகினு இருந்த?"

அவர் தடுமாறி, "நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றார்.

"பொய்யி. எம்புள்ளயா இருந்தா அன்னிக்கே தட்ட தூக்கிப் போட்டுட்டு, இன்னா கருமம்மா இதுன்னு கேட்டுருப்பான். நீ ஒரு வார்த்த சொல்லாம துன்னியே, அப்பவே எனுக்குத் தெரிஞ்சிருக்கணும், நீ அவன் இல்லன்னு."

அவர் கையை ஒரு முறை தட்டிக்கொடுத்துவிட்டு, மகளோடு ஷேர் ஆட்டோ நிற்கும் பக்கம் நடந்தார்.