கோச்சி வராத மாசங்கள்

வீடு பாக்கப் போன அன்னைக்கு புரோக்கர் எங்களை நிக்க விடல. "சீக்கிரம் பாருங்கம்மா, சீக்கிரம் பாருங்க"ன்னு பின்னாலேயே விரட்டிக்கிட்டு வந்தான். எனக்கு அப்பவே சந்தேகம். குசினியில அடுப்புகிட்ட நிக்கும்போது தரை நடுங்கிச்சு, வீட்டை விக்கிறவங்களோட அலுமாரிக் கண்ணாடி கடகடன்னு ஆடிச்சு, ஜன்னலை மறைச்சுக்கிட்டு ரயில் போச்சு. எங்க பக்கம் அதைக் கோச்சின்னுதான் சொல்லுவோம். ரெண்டு கோச்சிக்கு நடுவுல வீட்டக் காட்டி முடிச்சிடலாம்னு வந்திருக்கான் பாவி. கோச்சி லேட்டானதால மாட்டிக்கிட்டான்.

நான் வேணவே வேணாம்னுட்டேன். என் வீட்டுக்காரர் வாசல்ல நின்னு வாயெல்லாம் பல்லாப் பாத்துக்கிட்டு இருந்தாரு. "எவ்வளவு நல்லா இருக்கு பாரு"ன்னாரு. தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசையாக் கட்டுன அறைங்கள்ல ஒரே காம்பராவுல ஏழு பேரோட வளர்ந்த மனுஷன். சொந்த வாசல், சொந்த வேலி, வேலிக்கு அந்தாண்ட ஊருலகமே ஜன்னல்ல உக்காந்து கடந்து போகுது. அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்பிடி வேணாங்கிறது? வாங்கிட்டோம். கண்டியில அவரு ஹாட்வெயார் கடையில, நான் புடவைக் கடையில. வேலைக்குப் போக வர கோச்சிதான். பத்து நாளுல சத்தம் பழகிப் போச்சு. பயம் மட்டும் எனக்குக் கடைசி வரைக்கும் பழகல.

போன வருஷம் அவருக்குப் பாரிசவாதம் வந்துச்சு. காலையில தேத்தண்ணிக் கோப்பை கையில இருந்து நழுவிச்சு, அப்புறம் மனுஷனே உக்காந்திருந்த கதிரையில இருந்து நழுவினாரு. பேராதனை ஆஸ்பத்திரியில உசுரக் காப்பாத்திக் குடுத்துட்டாங்க. எடது காலு இழுத்துச்சு, பேச்சு முக்கால்வாசி போயிருச்சு. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னாரு, "தெனமும் சமதரையில நடக்க வைங்க. நடந்தா நடப்பாரு. விட்டா அவ்வளவுதான்."

சமதரையாம்! எங்க கடுகண்ணாவை மலையில சமதரைக்கு நான் எங்க போறது? வீட்டுக்குப் பின்னால மேல் ரோட்டுக்கு ஏறுற படிக்கட்டு, செங்குத்தா நிக்கும். பக்கவாட்டுல பள்ளம். வீட்டுக்குள்ள நாலு எட்டு வச்சா செவுரு இடிக்கும். குண்டசாலையில கட்டிக் குடுத்திருக்கிற எங்க மக, "இங்க வந்துருங்கப்பா, இங்க ரோடெல்லாம் தட்டையா இருக்கு"ன்னு போன்ல கெஞ்சுவா. இவரு தலைய ஆட்டி ஆட்டி மாட்டேன்னுவாரு. வீட்ட விட்டு வர்றதுன்னா அவருக்கு உசுரு போற மாதிரி. நானும் எத்தனை தடவதான் சண்டை போடுறது? பேச முடியாத மனுஷனோட சண்டை போட்டு ஜெயிக்கவும் முடியாது.

அப்பதான் அந்த மழை வந்துச்சு. மலை சரிஞ்சு எத்தனையோ பேரு மண்ணுக்குள்ள போயிட்டாங்க. எங்க வீடு தப்பிச்சது சாமி புண்ணியம். எங்களுக்கு மேலயும் கீழயும் கொஞ்சம் தள்ளி மண்ணு போயி தண்டவாளம் அந்தரத்துல தொங்குச்சு. கோச்சி நின்னு போச்சு. நாளைக்கு வரும், அடுத்த வாரம் வரும்னாங்க, மாசக்கணக்கா வரல.

மொதல்ல கோச்சிப் பாதையில ஆட்டுக்குட்டிங்க ஏறிச்சு. பெறகு பொம்பளைங்க தண்டவாளத்துல துணி காயப் போட்டாங்க. ஒரு நாள் காலையில நான் வேலிக் கதவைத் திறந்து பாத்துட்டு அப்பிடியே நின்னுட்டேன். கோச்சிக்காக மலைய வெட்டிப் போட்ட பாதை. ஏத்தம் இருந்தாலும் காலுக்குத் தெரியாது. தண்டவாளத்துப் பக்கமா ஆளுங்க நடந்து நடந்து தேஞ்ச ஒத்தையடித் தடம் வேற. அட கடவுளே, டாக்டர் கேட்ட எடம் எங்க வாசல்லயே கெடந்திருக்கு!

தனியா அவரைத் தாங்க எனக்குத் தெம்பு பத்தல. பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணன்தான் வந்து மறு கையைப் பிடிச்சாரு, நாங்க நானான்னுதான் கூப்பிடுவோம். அவரு கோச்சியில வடை விக்கிறவரு, இப்ப வேலை இல்ல. "சும்மா குந்தி இருக்கிறதுக்கு அண்ணன நடத்தவாவது செய்றேன் அக்கா"ன்னாரு. மொத நாள் பாதையோரப் பலாமரம் வரைக்கும்கூடப் போக முடியல. ஒரு மாசத்துல மரத்தைத் தாண்டினோம். அப்புறம் சிக்னல் கம்பம். நானா கோச்சியில கண்ட கதையெல்லாம் சொல்லிக்கிட்டே வருவாரு, டிக்கெட் இல்லாம பொட்டிக்குப் பொட்டி ஓடுனவன் கதை, வடையை வாங்கித் தின்னுட்டு உறைப்பு பத்தலன்னு சண்டைக்கு வந்தவ கதை. இவரு சிரிப்பாரு. சிரிச்சுக்கிட்டே ஒரு எட்டு கூட வச்சிருவாரு. கடைசியில, நாங்க ரெண்டு பேரும் சும்மா கூடப் போனாப் போதும், கம்பை ஊனி அவரே நடந்தாரு. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்பிடிச் சொல்றது!

ஆனா நானா வீட்டுல அடுப்பு ஒழுங்கா எரியல. அது எனக்குத் தெரியும். ஊருல எல்லாரும் கோச்சி வரணும்னு கோயிலுல கும்பிட்டாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டு, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் சாமின்னு கேட்டேன். பாவம்தான். தெரிஞ்சேதான் கேட்டேன்.

சாமி அவங்க பக்கம். பாதையைச் சரி பண்ணிட்டாங்க, திங்கக்கிழமை கோச்சின்னு செய்தி வந்துச்சு. நானாதான் வந்து சொன்னாரு. சொல்லும்போது மூஞ்சியில சிரிப்பு முட்டுது, எங்களைப் பாத்துட்டு அதை அடக்கப் பாடுபடுறாரு. "நேரம் கெடைக்கிறப்ப வாறேன் அண்ணன்"னாரு. வந்து எங்க நடத்துறது?

திங்கக்கிழமை காலையில ஊரே வேலி ஓரமா நின்னுச்சு. யாரோ சூடம் கொளுத்துனாங்க. நானா கூடையும் கையுமா ஸ்டேஷனுக்குப் போற வழியில எங்க வாசல்ல தயங்கித் தயங்கி நின்னாரு. என் வீட்டுக்காரர் அவரு தோளைத் தொட்டு, "போங்க... யாவாரம்... பாருங்க"ன்னாரு. மாசக்கணக்கா அத்தனை வார்த்தைய நான் சேத்துக் கேட்டதில்ல. நானா கண்ணைத் துடைச்சுக்கிட்டே போனாரு. கொஞ்ச நேரத்துல கோச்சி வந்துச்சு. புள்ளைங்க கத்துனாங்க, பொட்டியில இருந்து ஆளுங்க கை காட்டுனாங்க. எங்க வீடு பழையபடி நடுங்கிச்சு.

கோச்சி போன கையோட நான் வேலிக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன்.

பின்னேரம் நடக்கிற நேரத்துக்கு அவரு கம்பை எடுத்துக்கிட்டு வந்தாரு. கதவைப் புடிச்சு ஆட்டிப் பாத்தாரு. "தொற"ன்னாரு.

"கோச்சி வரும்ங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? சத்தம் கேட்டு நீங்க ஒதுங்குறதுக்குள்ள அது வந்து நிக்கும். உங்க மேல ஏறிருமேங்க!"

"நடக்காம..."ன்னு தொடங்கினாரு. மிச்சம் வாயில வரல. எனக்கு மிச்சமெல்லாம் விளங்கிச்சு. நான் ஓன்னு அழுதுட்டேன். அழுதாலும் சாவியைக் குடுக்கல. குடுக்கவே மாட்டேன்னு சொல்லிட்டேன்.

ரொம்ப நேரம் வேலியைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. வீட்டப் பாத்தாரு, அவரு கையால வண்ணம் அடிச்ச செவுரு, அவரே வச்ச கொய்யா மரம், எல்லாத்தையும் ஒரு தடவ பாத்தாரு. அப்புறம் காதுகிட்ட கையை வச்சுக் காட்டினாரு. போன் வேணுமாம். மகளுக்கு எடுத்துக் குடுத்தேன்.

"அப்பாவா?"ன்னு அவ பதறுனது எனக்கே கேட்டுச்சு.

"அங்க... நடக்க... எடம் இருக்காம்மா?"ன்னு கேட்டாரு.

அவ என்ன சொன்னான்னு எனக்குக் கேக்கல. இவரு தலைய ஆட்டினாரு, சரி சரின்னு ஆட்டிக்கிட்டே இருந்தாரு. போன்ல தலையாட்டுறது மகளுக்குத் தெரியாதுன்னு அவருக்குத் தோணல. நான் போனை வாங்கி, அப்பா வர்றேங்கிறாருன்னு சொன்னேன்.