பெர்ன்ஹில் சன்னலும் ஆறு மணி பஸ்ஸும்

ஊட்டி பெர்ன்ஹில்லில் அந்த மாடி அறையின் சன்னலைத் திறந்த நிமிடமே, 'நம்ம ஆபீஸ் இதுதான்' என்று தோன்றிவிட்டது. மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதக் காலை. கீழே பச்சைச் சரிவு, ஒரு ஹாரன் சத்தம் கிடையாது. எங்களுக்கு அந்த அமைதிதான் வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிகளுக்காக நோயாளிகளைப் போனில் கூப்பிட்டு, "நாளைக்கு டாக்டரைப் பார்க்க வரணும், மாத்திரை தீர்ந்துபோச்சா?" என்று விசாரிப்பது எங்கள் கம்பெனியின் வேலை. கம்பெனி என்றால் நானும் மூன்று பெண்களும். மூவரும் தேவாலா பக்கத்து எஸ்டேட் வீடுகளிலிருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மழை பிடித்தால் அங்கே சிக்னல் போய்விடும். நோயாளி 'ஹலோ ஹலோ' என்று கத்திக்கொண்டிருப்பார். அதனால்தான் ஆபீஸ்.

வாட்ஸ்அப்பில் சன்னல் படத்தைப் போட்டேன். மூவரும் 'சரிங்க சார்' என்றார்கள். துள்ளிக் குதித்தேன்.

ஜூலை ஒன்றாம் தேதி திறப்பதாகத் திட்டம். அதற்கு முந்தின வாரம் எனக்கு ஒரு யோசனை. மூவரில் மிக நன்றாகப் பேசுகிற பெண்ணோடு தேவாலாவிலிருந்து பஸ்ஸில் வந்து, அந்தப் பயணத்தைப் படமெடுத்து ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் காட்ட வேண்டும்! முதல் நாளே தேவாலாவில் நண்பன் வீட்டில் தங்கி, காலை அவரோடு ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

கூடலூரில் ஊட்டி பஸ் மாறினோம். மலை ஏற ஆரம்பித்ததும் அந்தப் பெண் ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் செல்போனும் கையுமாக வளைவுகளைப் படமெடுத்தேன். நாலாவது வளைவில் வயிறு புரண்டது. குன்னூர்க்காரன்தான்; ஆனால் பைக்கிலேயே சுற்றியவன்.

"அக்கா, சாருக்கு சன்னல் சீட்டைக் குடுங்க, சீக்கிரம்!" என்று அவர் எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்தார்.

முன் சீட்டு மலையாளச் சேச்சி ஒருவர் காய்கறிக் கவரைக் காலி செய்து நீட்டினார். "மோனே, போனை உள்ள வை. தூரத்துல பாரு."

கண்டக்டர் விடுவாரா? "ஏனுங்க சார், படம் முடிஞ்சுதுங்களா? இடைவேளைதானுங்களா?"

பஸ் முழுக்கச் சிரிப்பு.

கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தபோதுதான் அந்தப் பெண் மெல்லச் சொன்னார்: "இது பழகிக்கும் சார். திரும்பிப் போறதுதான் முடியாது. ராத்திரி எட்டரை ஆயிரும். பஸ்ஸை விட்டு எறங்கி ஊட்டுக்குத் தேயிலைக்குள்ளயே ஒரு கிலோமீட்டரு நடக்கணும். இருட்டுனா ஆனை வர்ற வழி. அப்பா ஒத்துக்கலைங்க."

"அப்புறம் ஏங்க சரின்னீங்க?"

"நீங்க அவ்வளவு ஆசையா சன்னலைக் காட்டுறீங்க, எப்படிங்க சார் வேண்டாங்கறது? எஸ்டேட் பேக்டரில பேர் குடுத்துட்டேன். ஒண்ணாந்தேதி வரச் சொல்லிட்டாங்க."

எனக்குக் குமட்டல் நின்றுபோனது. "அந்தப் பொண்ணு ஏன் இந்த வாரம் கூப்பிடலை?" என்று நோயாளிகளே கேட்கிற குரல் அது. அதைத்தான் ஒரு சன்னலுக்காகத் தொலைக்கப் பார்த்தேன்.

ஊட்டியில் இறங்கினோம். பெர்ன்ஹில்லுக்குப் போகவேயில்லை. அடுத்த கூடலூர் பஸ்ஸில் ஏறப் போனபோது, "இன்னொரு கவர் வாங்கிக்கலாங்களா சார்?" என்றார்.

அன்று மதியமே கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடை மாடியைப் பார்த்தோம். சன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவர். ஹாரன் காதைப் பிளந்தது. அவர் ஒவ்வொரு மூலையிலும் நின்று எனக்குப் போன் போட்டுப் பேசிப் பார்த்து, பின்பக்கத்துச் சின்ன அறையைத் தேர்ந்தெடுத்தார். சத்தம் உள்ளே வராமலிருக்கச் சுவரில் பழைய கம்பளிகளை அடித்தோம். நாலு மணிக்கு வேலையை முடித்தால் மூவருக்கும் வெளிச்சத்திலேயே வீடு. பேக்டரிக்கு வரவில்லை என்று அவர் சொல்லி அனுப்பினார்.

இப்போது பத்துப் பேர் ஆகிவிட்டோம். குன்னூர்ப் பக்கம் இரண்டாவது ஆபீஸ் திறக்க வேண்டும். இடம் காட்டுகிறேன் என்று புரோக்கர்கள் கூப்பிடுகிறார்கள். நான் இன்னும் ஒரு கட்டிடம்கூடப் பார்க்கவில்லை. ஆசையோடு எதையாவது காட்டினால் நம் ஆட்கள் வாய்விட்டு மறுக்கமாட்டார்கள் என்பது அன்றிலிருந்து எனக்குள் ஒரு பயமாகவே தங்கிவிட்டது. அதனால் அங்கே வேலைக்கு வரப்போகிற நாலு பேரோடும், வருகிற வாரம் ஆளுக்கு ஒரு நாளாக, சாயங்காலம் பஸ் ஸ்டாப்பிலிருந்து அவரவர் வீட்டு வாசல் வரை நடந்து பார்க்கப் போகிறேன்.