தலை தொடாத கைகள்

முப்பது சொச்சம் வயதிலேயே முடிந்துபோன லம்துவானின் வாழ்க்கையைச் சொல்ல, அவளுடைய கடைசி வருடப் படிப்பில் ஒரு பகல் போதும்.

தாய்லாந்தின் கோன் கேன் நகரில் நரம்பியல் பட்டப் படிப்பு. ஒயர்கள் பொருத்திய தொப்பியைத் தலையில் மாட்டி, முதியவர்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்து அறிக்கை கொடுத்தால்தான் பட்டம். ஆள் கிடைக்காமல் அலைந்து, கடைசியில் விகாரை மண்டபத்தில் கூடும் முதியோர் சங்கத்தைப் பிடித்தாள்.

முதலில் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் புன்தாம். லம்துவானுடையது வகுப்புத் தோழர்களின் தலைகளில் பழகிய கை. பேச்சோடு பேச்சாக அவர் உச்சந்தலையில் அளவு நாடாவை வைத்துவிட்டாள். பெரியவர் தலையைச் சின்னவர்கள் தொடுவது அந்த ஊரில் அவமரியாதை; அவளோ வணங்கவில்லை, கேட்கவுமில்லை.

புன்தாம் எழுந்துவிட்டார்.

"ஏம்மா, என் தலை என்ன சந்தையில வச்ச பூசணிக்காயா? முடி வெட்டுறவன்கூட கும்பிட்டுட்டுத்தான் கத்திரி எடுப்பான்."

மற்றவர்களும் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள்.

"தலைப்பை மாத்திடு. நம்ம பசங்களை வச்சே முடிச்சிடலாம்" என்று முணுமுணுத்தான் கூட வந்த தோழன் சித்திசாய்.

"வயசானவங்க மூளைய பசங்ககிட்ட எப்படிடா பார்க்கறது? மாத்த மாட்டேன்."

அவள் வாசலருகே தரையில் உட்கார்ந்து கைகூப்பினாள்.

"தப்பு என்னுதுதான் பெரியப்பா. இனி நான் தொடல. உங்களுக்கு மூத்தவங்க யாராவது தொப்பிய மாட்டட்டும். எங்கன்னு மட்டும் கீழ உக்காந்து சொல்றேன்."

புன்தாம் வாசலை நோக்கி நடந்தார். அவருடைய அக்கா சம்னியாங் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"நான் பேன் பார்த்த தலைதான் இது. உக்காருடா. உள்ள ஏதாச்சும் இருக்கான்னு பார்த்துடுவோம்."

சிரிப்பு எழுந்தது. புன்தாம் முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

தொப்பி கோணியது. தொப்பிக்கு அடியில் தடவிய ஜெல் காதில் வழிந்தது. ஒரு முறை நிமிர்ந்து சரிசெய்தால் நொடியில் முடிந்துவிடும். லம்துவான் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு, "கொஞ்சம் இடது பக்கம் பெரியம்மா, இன்னும் கொஞ்சம் பின்னால" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் போகாமல் நின்று பார்த்தார்கள்.

"பல்லைக் கடிக்காதீங்க பெரியப்பா, கோடெல்லாம் கலங்குது. கண்ணை மூடுங்க."

கணினித் திரையில் கலங்கல் அடங்கி, சீரான அலைகள் எழுந்தன.

"என்ன தெரியுது?" என்றார் புன்தாம்.

"நீங்க கண்ணை மூடியிருக்கீங்கன்னு தெரியுது."

"இதுக்கா இவ்வளவு ஒயரு?"

பதிவு முடிந்ததும் சம்னியாங் தொப்பியைக் கழற்றி, வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். "அடுத்தது யாரு? என்னைவிடச் சின்னவங்க மட்டும் வாங்க."

ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். லம்துவான் தொப்பியை வாங்கி ஜெல்லைத் துடைக்கத் தொடங்கினாள்.