கடல் வரைக்கும் கீழே

ஈப்போவுக்குக் காய்கறி லோரி ஓட்டும் ரவிதான் போன் செய்தான். "மல்லிகாக்கா, ஐரோப்பா கிராணி மேல போயிட்டாருக்கா."

"நல்லவேளை" என்றேன் நான். "வளைவுல வாந்தி எடுக்காம ஏறுனாரா? பார்வதியும் கூட வந்திருக்காங்களா?"

ரவி லோரி எஞ்சினை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்த மேல இல்லக்கா" என்றான்.

எங்கள் கேமரன் மலையில் வீடு என்றால் மேலே. ஈப்போ, கோலாலம்பூர், லண்டன் எல்லாமே கீழே. இதய வைத்தியத்துக்காக ஈப்போவில் மகள் கவிதாவின் வீட்டில் தங்கியிருந்த சந்திரன் அண்ணன், மனைவி பார்வதியோடு வீடு திரும்பிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அவரோ தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார். சாவுச் செய்திக்கு நல்லவேளை என்று சொன்னவள் இந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் கிராணி இல்லை என்பது இந்த மலைக்கே தெரியும். கணக்கெழுதத் தோட்ட ஆபீசில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. தேயிலை ஃபேக்டரிக்கு வரும் சுற்றுப்பயணிகளுக்கு மெஷின்களைக் காட்டி விளக்குவது அவர் வேலை. பக்கத்து கேன்டீனில் டீ ஊற்றுவது என் வேலை. விளக்கி முடித்ததும் வெள்ளைக்காரர்களை என் மேஜைக்கு அழைத்து வந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரே கேள்வியைக் கேட்பார். "எல்லாரும் போற இடம் வேணாம். உங்க அம்மா லீவுக்கு எங்க போவாங்க?" அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவர்கள் முகம் மாறிவிடும். டீ ஆறிப்போகும் வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அப்படிக் கேட்டதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, ஐரோப்பாவுக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும் மறித்துவிடுவார். "பாரிஸ் எதுக்குலா? லீவு நாள்ல கியா பார்ம் சந்தைல நிக்கிற கூட்டம் போதாதா உனக்கு?" அல்பேனியாவில் வீட்டுக் கூரையெல்லாம் கல்லாலேயே போட்ட ஊர் ஒன்று இருப்பதாகச் சொல்வார். ஸ்லோவேனியாவுக்குப் போனால், படத்தில் வரும் ஏரியை விட்டுவிட்டு இன்னும் உள்ளே போஹின் என்ற ஏரிக்குப் போகச் சொல்வார். இத்தனைக்கும் அவர் அதுவரை தாண்டிய கடல் பினாங்குக் கடல்தான். ஐரோப்பாவையே தன் ஆபீசில் வைத்து நடத்துகிற மாதிரி பேசுவதால்தான் அந்தப் பட்டப்பெயர்.

கம்போங் ராஜாவில் பூத்தோட்டம் வைத்திருப்பவரின் மகன், கல்யாணமான கையோடு அவர் பேச்சைக் கேட்டு அந்த ஏரிக்குப் போனான். திரும்பி வந்து நேராக கேன்டீனுக்கே சண்டைக்கு வந்தான். "என்னா அங்கிள் இப்படிப் பண்ணிட்டீங்க? மழை, பனிமூட்டம், குளிரு. அப்படியே நம்ம ஊரு!" அண்ணன் முகத்தில் அத்தனை பெருமை. "பாத்தியா, நான்தான் சொன்னேன்ல, நம்ம ஊரு மாதிரியே இருக்கும்னு!" அந்தப் பையன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அவன் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் ஒரு போர்த்துகீசிய அம்மா என் டீயைக் குடித்துவிட்டு, தங்கள் நாட்டிலும் தேயிலை உண்டு என்றார். கடல் நடுவே அசோர்ஸ் தீவுகளில், சரிவில் இறங்கி இறங்கிக் கடலைப் பார்த்து நிற்குமாம் செடிகள். அண்ணன் நம்பவில்லை. "தேயிலைன்னா மேலதானே இருக்கும்? கடலு கீழயாச்சே!" அந்த அம்மா கைபேசியில் படத்தைக் காட்டினார். அதைப் பார்த்த அன்றிலிருந்து வேறு எந்த ஊரும் அவர் வாயில் வரவில்லை. கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொன்னார். ஒருவரும் போகவில்லை.

பிறகுதான் அவருக்கு இதயம் மக்கர் செய்ய ஆரம்பித்தது. அப்போதுதான் அவர், அந்தத் தீவுக்குத் தானே போகிறேன் என்று நின்றார். மூன்று விமானம் ஏறவேண்டிய பயணம். கவிதா அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். "அத்தே, நீங்க சொன்னா கேப்பாரு. அங்க ஏதாச்சும் ஆச்சுன்னா அப்பாவ எப்படி மேல கொண்டு வரது?" நானும் தடுப்பதற்காகத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சத்தம் போடவே இல்லை. "எத்தன பேர அனுப்பி வச்சேன் மல்லிகா. ஒரு ஊரயாச்சும் நான் பாக்காம செத்தா, சொன்னதெல்லாம் பொய்யாப் போயிடும்" என்றார். கவிதாவிடம், "போகட்டும்மா, நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். எதை நம்பிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அவரும் பார்வதியும் கிளம்பியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தாலே டீ ஊற்றுவதை விட்டுவிட்டு ஓடுவேன். அப்படி ஒருநாள் கேன்டீனில் கூட்டமாக இருக்கும்போது வீடியோ கால் வந்தது. அதே பழைய ஜாக்கெட்டில் அண்ணன். பின்னால் வரிசை வரிசையாகத் தேயிலை. அதற்குப் பின்னால் நீலமாகக் கடல். "கீழ வந்துட்டேன் மல்லிகா! இதுக்கு மேல கீழ போக முடியாதுலா! அந்தாண்ட கடல்தான்!" கேமராவைத் திருப்பி ஒரு கொழுந்தைக் கிள்ளிக் காட்டினார். பார்வதி பின்னாலிருந்து, "யாரோ பாக்குறாங்க, கைய எடுங்க" என்று திட்டினாள். நான் சிரித்தேன், அழுதேன். வரிசையில் நின்ற வெள்ளைக்காரருக்குச் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொடுத்தேன்.

முழுசாகத் திரும்பி வந்தார். அதன் பிறகு பல மாதம் எல்லோரையும் அந்தக் கதையால் அறுத்தெடுத்தார். அதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனார்.

காரியத்தன்று கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவாளோ என்று ஒரு நொடி பயந்தேன். "நல்லவேளை அத்தே" என்றாள். "அப்பா பாத்துட்டாரு." ரவியிடம் நான் தவறாகச் சொன்ன அதே சொல். இந்த முறை அது சரியாக இருந்தது. அழுதோம், ஆனால் நெஞ்சில் பாரமாக எதுவும் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தக் கேள்வி. இப்போது டீ ஊற்றும்போது நான்தான் கேட்கிறேன், உங்கள் அம்மா லீவுக்கு எங்கே போவார்கள் என்று. போன வாரம் ரவி பத்திரிகை வைக்க வந்தான், அவனுக்குத் தை மாதம் கல்யாணம். கல்யாணம் முடிந்ததும் எங்கேயாவது போகலாம் என்று இருக்கிறானாம்.

"கீழ போடா" என்றேன்.

"எவ்ளோ கீழக்கா?"

"கடல் வரைக்கும்."